அசேலி நார்சிஸ் எழுத மறுத்த சொல்

1986 செப்டம்பரில், அமெரிக்காவின் லூசியானாவில், பாயூ துஷேன் தொடக்கப் பள்ளிக்கு லாரியில் டப்பாக்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் வாளி அளவு. மாவட்டத்திலுள்ள பதினொரு பள்ளிகளிலும் இனி ஒரே சாப்பாடுதான் என்று பள்ளி வாரியம் அந்த வருடம் முடிவெடுத்திருந்தது. டப்பாவைத் திறந்து, சூடாக்கி, ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் சமையல். கூடவே அச்சடித்த தாள் ஒன்று வரும். திங்களுக்கு என்ன, செவ்வாய்க்கு என்ன என்று அதில் இருப்பதைச் சாப்பாட்டுக்கூட வாசலில் தொங்கும் கரும்பலகையில் தலைமைச் சமையல்காரி காலையிலேயே எழுதிவைக்க வேண்டும்.

தலைமைச் சமையல்காரி அசேலி நார்சிஸ். ஐம்பத்தொரு வயது. அகலமான தோள், குட்டைக் கழுத்து, காதில் சின்ன வளையம். வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்த வருடம் அங்கே வேலைக்கு வந்தவள், பதினாறு வருடமாக அந்த அடுப்படியை விட்டு நகரவில்லை. புதன்கிழமைக்கு நேராகத் தாளில் 'கம்போ' என்று தங்கள் ஊர்க் குழம்பின் பெயர் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சந்தோஷம்தான். பரவாயில்லையே, இதையாவது விட்டுவைத்திருக்கிறார்களே என்று பலகையில் எழுதிவிட்டு உள்ளே போய் முதல் டப்பாவைத் திறந்தாள்.

ஆரஞ்சு நிறத் தண்ணீர். அதில் மக்காச்சோளம், பட்டாணி, சதுரமாக வெட்டிய கேரட், ரப்பர் மாதிரி நாலு கோழித் துண்டு. வெண்டைக்காய் ஒரு வில்லை கிடையாது. எண்ணெயில் மாவைக் கருஞ்சிவப்பாக வறுத்துச் சேர்த்த நிறமும் கிடையாது. சாசஃப்ராஸ் இலைப்பொடியின் வாசனையும் கிடையாது. அசேலி ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பினாள்.

பக்கத்தில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த லியோனா வெர்டின் எட்டிப் பார்த்தாள். ஹூமா பழங்குடிக்காரி. இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்னடி இது?"

"தாள்ல கம்போன்னு போட்டிருக்கு."

"தாள் பாவம். அதுக்கு நாக்கா இருக்கு?"

அசேலி வாசலுக்குப் போனாள். காலையில் தான் எழுதிய சொல்லை ஏப்ரன் நுனியால் அழித்தாள். அதே இடத்தில் 'டப்பா சூப்பு' என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

பிள்ளைகள் அதைப் படித்துச் சிரித்தார்கள். பாதிப் பேர் குடித்தார்கள், பாதிப் பேர் தட்டோடு திருப்பி வைத்தார்கள். மத்தியானம் தலைமை ஆசிரியர் டார்ட்டெஸ் அடுப்படி வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷன். யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் டையைத் தடவிக்கொள்வார்.

"மிஸ் அசேலி, ஒரு சின்ன விஷயம். அந்தப் பலகை."

"எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா சார்?"

"பிழையெல்லாம் இல்ல. தாள்ல இருக்கறத அப்படியே எழுதணும்னு உத்தரவு. நானும் இந்த ஊர்க்காரன்தான். எங்கம்மா வச்ச கம்போவத் தின்னு வளந்தவன். எனக்குத் தெரியாதா?"

"அம்மா நல்லா இருக்காங்கல்ல சார்? இதுல ஒரு கிண்ணம் தர்றேன், கொண்டுபோய்க் குடுங்க. அவங்க வாயால இது கம்போன்னு சொல்லட்டும், நான் எழுதறேன்."

டார்ட்டெஸ் டையை இன்னொரு தடவை தடவினார். கிண்ணத்தை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அடுத்த புதனும் அதே டப்பா, அதே எழுத்து. அதற்கடுத்த புதன் மாவட்ட அலுவலகத்திலிருந்து உணவு மேற்பார்வையாளர் மிஸஸ் பிக்கெட் காரில் வந்தாள். மாநிலத்தின் வடக்குப் பக்கத்துக்காரி. கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு சத்து போக வேண்டும் என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பவள். அதைத் தவிர சாப்பாட்டில் வேறு ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் காதில் விழாது, அவ்வளவுதான்.

"மிஸஸ் நார்சிஸ், ஒரு பேருக்குப் போயி எதுக்கு இவ்வளவு?"

"பேருங்கறதாலதான் மேடம். டப்பாவத் தொறக்கச் சொன்னீங்க, தொறந்தேன். ஊத்தச் சொன்னீங்க, ஊத்தினேன். அதுக்கெல்லாம் நான் மாட்டேன்னு சொல்லலையே."

"டப்பா மேலயே கம்போன்னு அச்சடிச்சிருக்கு, பாருங்க."

"டப்பா அடைச்சவங்க எந்த ஊருன்னும் அச்சடிச்சிருக்குமே?"

மிஸஸ் பிக்கெட் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். லாரியில் இரண்டு நாள் வடக்கே போனால் வரும் ஏதோ ஒரு ஊர். அவள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"கம்போன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா மேடம்?"

"தெரியுமே. எல்லாத்தையும் கலந்து போட்டுச் செய்யற சூப்பு."

"எல்லாத்தையும் கலந்து கொட்டினா அதுக்குப் பேரு பன்னித் தொட்டி. கம்போன்னா வெண்டைக்கா."

லியோனா பின்னால் தொண்டையைச் செருமினாள். அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். மிஸஸ் பிக்கெட் சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அடுத்த புதன்கிழமை பலகையில் அந்தச் சொல் இல்லையென்றால் வாரியத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அசேலிக்கு அந்தச் சொல் சோற்றோடு மட்டும் வந்ததில்லை. அவள் பிறந்த வீட்டில் ஃபிரெஞ்சும் ஆப்பிரிக்காவும் கலந்த கிரியோல்தான் பேச்சு. அந்தப் பேச்சில் கம்போ என்றால் கொல்லையில் நிற்கிற செடி. ஆகஸ்டில் அப்பாவின் தலைக்கு மேலே வளர்ந்து மஞ்சளாகப் பூக்கும். காய் பறித்தால் கையெல்லாம் அரிக்கும். அந்தச் செடியைப் போட்டுக் கொதிக்க வைப்பதால் குழம்புக்கும் அதே பெயர். அப்பா குத்தகைக்குக் கரும்பு போட்ட நிலத்து மண்ணுக்கும் அதே பெயர்தான். மழை பெய்தால் வெண்டைக்காய் மாதிரியே கொழகொழவென்று ஏர்முனையைக் கவ்விக்கொள்கிற கறுப்பு மண். கோவேறு கழுதை முழங்கால்வரை புதைந்து நிற்கும்போது அப்பா அந்தச் சொல்லை வேறு சில சொற்களோடு சேர்த்துச் சொல்வார்.

ஆறு வயதில் பள்ளிக்கூடம் போனாள். அங்கே அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் காத்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த வாத்தியாரம்மா முதல் நாளே "அசேலியா? அதெல்லாம் வாயில நுழையாது" என்று பதிவேட்டில் ஹேசல் என்று எழுதினாள். எட்டு வருடம் ஹேசல் என்று கூப்பிட்டால் அவள் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் சிறுநீர் முட்டியது. கழிப்பறைக்குப் போக ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வீட்டுப் பேச்சில் கேட்டாள். அவர்களுடைய பேச்சையே அப்போது கம்போ என்று கேலியாகச் சொல்வார்கள். வாத்தியாரம்மா அவளைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, 'பள்ளியில் நான் கம்போ பேச மாட்டேன்' என்று ஐம்பது முறை எழுதச் சொன்னாள். பதினேழாவது வரியிலேயே பாவாடை நனைந்துவிட்டது. மிச்சத்தையும் எழுதிய பிறகுதான் வாத்தியாரம்மா விட்டாள்.

இதை அசேலி யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் அல்சீதிடம்கூடச் சொன்னதில்லை. அல்சீத் சர்க்கரை ஆலையில் லாரிகளுக்கு ரிப்பேர் பார்ப்பவன். சாயங்காலம் கையிலிருந்த எண்ணெய்க் கறையை மரத்தூளில் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"எழுதிட்டுத்தான் வாயேன் அசேலி. சாக்பீஸ்தானே. சாயங்காலம் துடைச்சா போயிடப் போகுது."

"இத்தனை வயசுல உன்னை ஒரு வெள்ளைக்கார ஃபோர்மன் 'டேய் பையா'ன்னு கூப்பிட்டான். அதுவும் காத்துல போற சத்தம்தான். ரெண்டு நாள் வேலைக்குப் போகாம வீட்டுல படுத்துக் கெடந்தது யாரு?"

"அது வேற."

"என்ன வேற?"

அல்சீத் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினான். "சோறு போடு" என்றான்.

லியோனா செருமியதைச் சொல்ல வேண்டும். பதினாறு வருடமாக இரண்டு பேருக்கும் தீராத ஒரு தகராறு உண்டு. கம்போ என்பது ஆப்பிரிக்காக்காரர்கள் வெண்டைக்காய்க்கு வைத்த பெயர் என்பது அசேலி கட்சி. அதெல்லாம் இல்லை, இந்த மண்ணில் முதலில் இருந்த, எங்களுக்குச் சொந்தக்காரர்களான சாக்டா ஜனங்கள் சாசஃப்ராஸ் இலையை கோம்போ என்பார்கள், அந்தப் பொடியைத் தூவிக் குழம்பைக் கெட்டியாக்கக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான், பெயரும் எங்களுடையதுதான் என்பது லியோனா கட்சி. பாத்திரம் கழுவும்போதெல்லாம் இந்தச் சண்டை ஓடும்.

மிஸஸ் பிக்கெட் வந்துபோன மறுநாள் அசேலி ஏப்ரனைக் கழற்றாமலேயே பள்ளி நூலகத்துக்குப் போனாள். மரத்தாங்கியில் விரித்து வைத்திருக்கும் பெரிய அகராதியில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். முதல் அர்த்தம் குழம்பு. அடுத்தது வெண்டைக்காய். பிறகு ஒட்டுகிற மண். கடைசியில், லூசியானாக் கறுப்பர்களின் பேச்சு. அவள் வாழ்ந்தது முழுக்க அரை விரல் உயரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கீழே, சொல் வந்த இடம்: அங்கோலாப் பக்கத்து பான்டு மொழிகளில் வெண்டைக்காயின் பெயர்.

அவள் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முப்பாட்டன் எந்தக் கரையிலிருந்து கப்பலேறினான் என்று எந்தத் தாளிலும் இல்லை. மாதாகோயில் பதிவில் எஜமானின் பெயர் இருந்தது, வயது இருந்தது, தோலின் நிறம்கூட இருந்தது. சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவனிடமிருந்து துணியைப் பிடுங்கினார்கள், பெயரைப் பிடுங்கினார்கள். வாய்க்குள் இருந்த ஒரு காயின் பெயரை மட்டும் யாரும் தேடிப் பார்க்கவில்லை. அசேலிக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான், அதுவும் நிதானமான கோபம். சாப்பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள்.

லியோனா படித்துப் பார்த்தாள். "இதை எழுதினவன் எங்க ஆளுங்ககிட்ட வந்து கேட்டிருக்க மாட்டான்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த புதனும் பலகையில் 'டப்பா சூப்பு' என்றே இருந்தது. வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் முதல் செவ்வாய், மத்தியானம் மூன்று மணிக்கு விசாரணை.

கரும்பு ஆலை இரவுபகலாக ஓடுகிற மாதம் அது. ஊர் முழுக்க வெல்லப்பாகு வாசனை. அல்சீத் வேலையிலிருந்து நேராக, புகைக்கரி படிந்த சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மேடையில் ஒன்பது உறுப்பினர்கள். மிஸஸ் பிக்கெட் தன் அறிக்கையைப் படித்தாள். ஒரு சொல்கூட மிகைப்படுத்தவில்லை. பிறகு வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸஸ் நார்சிஸ், அந்த சூப்பு நல்லாருக்கா, இல்லையாங்கறது இங்க கேள்வி இல்ல. உத்தரவ மீறினீங்களா, இல்லையா?"

"மீறினேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரியாம இத்தனை வாரம் மீற முடியுங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "ஏன்னு சொல்லுங்க" என்றார்.

அசேலி எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்தாள். பிரித்தாள். மறுபடி மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஆறு வயசு. கரும்பலகை முன்னாடி நிக்க வச்சு, கம்போ பேச மாட்டேன்னு அம்பது தடவ எழுத வச்சாங்க. எழுதினேன். சின்னப் பொண்ணு, எழுதித்தான் ஆகணும். அப்ப அந்தச் சொல்லு கேவலம். அதப் பேசற வாயும் கேவலம். நாங்களும் எங்க பிள்ளைங்களுக்கு அந்தப் பேச்சக் கத்துக்குடுக்காம விட்டோம். சரி, போச்சு. இப்ப எங்கேயோ ஒரு ஊர்ல எவனோ தக்காளித் தண்ணியில பட்டாணியப் போட்டு டப்பால அடைச்சு, அந்தச் சொல்ல எடுத்து மேல ஒட்டியிருக்கான். அத எழுதுன்னு மறுபடியும் என்னைக் கரும்பலகை முன்னாடி நிறுத்தறீங்க. அன்னைக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுத வச்சீங்க. இன்னைக்குப் பொய்யாச் சொல்லுன்னு எழுதச் சொல்றீங்க. ஒரு தடவ எழுதிட்டேன். இனிமே எழுத மாட்டேன்."

அல்சீத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றி இதை இப்போதுதான், ஊரோடு சேர்ந்து, கேள்விப்படுகிறான்.

யாரும் கூப்பிடாமலே லியோனா எழுந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். இவ சொல்றா, அந்தப் பேரு வெண்டைக்காய்லேர்ந்து வந்துச்சுன்னு. சுத்தப் பொய். எங்க ஜனங்க இலைக்கு வச்ச பேரு அது. இதுக்காகப் பதினாறு வருஷமா சண்ட போடறோம், செத்தாலும் விட மாட்டோம். ஆனா அது எங்கேர்ந்து வரலைங்கறதுல எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல. அது டப்பாலேர்ந்து வரல."

இந்தத் தடவை தலைவரே வாயை மூடிக்கொண்டு இருமினார். ஆனாலும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"இப்பவே ஒத்துக்கிட்டீங்கன்னா எல்லாம் பழையபடி இருக்கும். உங்க அடுப்படி, உங்க வேலை. வாரத்துல ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை. என்ன சொல்றீங்க?"

"மாட்டேங்க."

ஐந்துக்கு நான்கு. தோற்றுப்போனாள். தலைமைச் சமையல்காரி பதவி பறிபோனது. பத்தொன்பது மைல் தள்ளி, மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்குத் தட்டு கழுவ மாற்றினார்கள். விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வாரியமும் அப்படித்தான் நினைத்திருக்கும். அவள் திங்கள்கிழமை காலை ஆறரைக்கு அங்கே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். காரில் கொண்டுவிட்டவன் அல்சீத். அவள் இறங்கும்போது, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"எழுதிட்டு வான்னு சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் அவன் காலரில் இருந்த கரியைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவளுடைய பழைய இடத்துக்கு லியோனாவைப் போட்டார்கள். முதல் புதன்கிழமை பலகையில் 'டப்பா சூப்பு' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. மிஸஸ் பிக்கெட் வந்து கேட்டதற்கு, "எனக்கு எழுத்துக்கூட்டவே வராது மேடம், பழைய பலகையப் பார்த்து எழுதினேன்" என்றாள் லியோனா. டார்ட்டெஸ் பக்கத்தில்தான் நின்றார். லியோனா வாரத்துக்கு இரண்டு தடவை தனக்கு எழுத்தில் புகார் கொடுப்பவள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். மார்ச்சில் தவக்காலம் வருவதற்குள் இன்னும் ஐந்து பள்ளிகளின் பலகையில் கம்போ என்ற சொல் காணாமல் போயிருந்தது. ஒரு பள்ளியில் 'சூப்பு' என்று மட்டும் எழுதினார்கள். இன்னொன்றில் 'அது' என்று எழுதினார்களாம். ஆறு பேரை எந்த ஊருக்கு மாற்றுவது?

அடுத்த வருடம் ஆகஸ்டில் புதுத் தாள் வந்தது. புதன்கிழமைக்கு நேராக 'கோழி, காய்கறி சூப்பு' என்று இருந்தது. ஏன் மாறியது, யார் மாற்றியது என்று யாரும் சொல்லவில்லை. தட்டு கழுவும் இடத்தின் சுவரில் ஒட்டியிருந்த தாளை அசேலி ஈரக்கையோடு நின்று படித்தாள்.

"மாத்திட்டாங்க" என்றாள் சாயங்காலம் அல்சீதிடம்.

"அப்ப உன்னத் திருப்பிக் கூப்பிடுவாங்களா?"

"மாட்டாங்க."

கூப்பிடவில்லை. எட்டு வருடம் அவள் அங்கேயே தட்டு கழுவினாள். சோப்புத் தண்ணீரில் விரல் தோல் உரிந்து உரிந்து வளர்ந்தது. குனிந்து நின்றதில் முதுகு வளைந்தது. வருத்தமே இல்லை என்று அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் வேறு யாரோ அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்கும்போது கை பரபரக்கும். அன்றைக்குத் தட்டுகள் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும்.

1995 கோடையில் ஓய்வு. வாரிய அலுவலகத்திலிருந்து கையெழுத்துக்காகப் படிவம் வந்தது. பணி வரலாறு என்ற பகுதியில், 1986 நவம்பர்: 'சொந்த விருப்பத்தின் பேரில் இடமாற்றம்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அசேலி அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பினாள். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் செல்லாது என்று அதே வரியோடு புதிது ஒன்று வந்தது. அதையும் திருப்பி அனுப்பினாள். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டாள்.

"இது சும்மா ஒரு படிவம்தான் மேடம். எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம். கையெழுத்து வரலேன்னா உங்க ஓய்வூதியம்தான் நின்னுபோகும்."

"நிக்கட்டும்மா. என் விருப்பம் என்னன்னு நான் அந்த ரூம்ல நின்னு சொன்னேன், ஒம்போது பேரு கேட்டாங்க. பழைய ஃபைலப் பாருங்க."

மூன்று மாதம் நின்றது. ஆலையில் ஓய்வு பெற வேண்டிய அல்சீத், இன்னொரு பருவம் இருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான்.

நவம்பர் கடைசியில் மூன்றாவது படிவம் வந்தது. 'வாரியத்தின் உத்தரவின்படி இடமாற்றம்.' அசேலி தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்குள் வந்து சமையலறை மேசையில் ஈரம் இல்லாத இடமாகப் பார்த்துத் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். உறையை ஒட்டி அன்று மத்தியானமே தபால் நிலையத்துக்கு நடந்தாள். உள்ளே போட்டுவிட்டு, பெட்டியின் மூடியை இன்னொரு தடவை திறந்து, அது கீழே விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.